ஹெவி லைசென்ஸ் டெஸ்ட்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டுக்கு வரும் கண்டெய்னர், கிருஷ்ணகிரியில் கிரானைட் ஏற்றும் ட்ரெய்லர், பெங்களூரிலிருந்து சேலத்துக்கு இறங்கும் டாரஸ் என்று நம் பக்கம் லாரி ஓட்டத்துக்குக் குறைவே இல்லை. ஹெவி லைசென்ஸ் எடுக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். காகித வேலையைச் சுருக்கிவிட்டு, வண்டியைக் கையாளுவதை விரித்து எழுதியிருக்கிறோம். டெஸ்ட்டில் தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். தர்மபுரி–சேலம் ரோட்டின் தொப்பூர் இறக்கத்தில் அப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்காது.

கார் லைசென்ஸ் இருக்கிறது. லாரி ஓட்ட அது போதாதா?

வண்டியின் மொத்த எடையைப் பொறுத்தது. வண்டியும் லோடும் சேர்ந்து ஆர்சி புத்தகத்தில் 7,500 கிலோவுக்குள் இருந்தால், இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-இல் இதைத் தெளிவாகத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், 407 எல்லாம் இதில் அடங்கும். அதற்கு மேல் போனால் போக்குவரத்து வாகன லைசென்ஸ் வேண்டும். 12,000 கிலோவைத் தாண்டினால் அது கனரக வண்டி. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம். அந்த நேரத்தில் விபத்தும் நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் தகராறு ஓனரையும் டிரைவரையும் வருடக்கணக்கில் அலைய வைக்கும்.

எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டுமா?

வயது 20 முடிந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். பைக் லைசென்ஸ் மட்டும் பத்து வருடமாக வைத்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. எட்டாம் வகுப்பு விதியை 2019-இல் நீக்கிவிட்டார்கள். படிப்பைக் காரணம் காட்டி யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போட என்னென்ன வேண்டும்?

அரசின் லைசென்ஸ் தளமான சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கையில் இருக்கும் லைசென்ஸ், முகவரிச் சான்று, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ மருத்துவச் சான்று ஆகியவை தேவை. எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். மத்திய விதிகளின்படி எல்எல்ஆருக்கு 150 ரூபாய், டெஸ்ட்டுக்கு 300, லைசென்ஸில் புது வகுப்பைச் சேர்க்க 500. இதன் மேல் சேவைக் கட்டணங்கள் சேரும். டிரைவிங் ஸ்கூலில் மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். அதில் அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, அரசு ரசீதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தர்மபுரி டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70. ஓசூர் பக்கத்து ஆட்கள் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அலைவது உண்டு. விண்ணப்பத்தில் அலுவலகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். மருத்துவச் சான்றில் சிக்கல் வருமா?

வராது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும், கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரி. டெஸ்ட் அன்றும் அதே கண்ணாடியைப் போட்டுப் போங்கள். நிறக்குருடு பற்றிய விதி 2020-இல் தளர்ந்தது. லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தடை இல்லை, கடுமையாக இருந்தால் கிடைக்காது. மாலைக்கண் இருந்தால் மறைக்காதீர்கள். லாரி வேலையில் பாதி இரவில்தான்.

மாமாவின் லாரியிலேயே கற்றுக்கொள்ளலாமா, ஸ்கூல் கட்டாயமா?

போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 பயிற்சிச் சான்று வேண்டும். பயிற்சிக் காலம் குறைந்தது 30 நாள். அதனால் ஸ்கூலைத் தவிர்க்க முடியாது. எல்எல்ஆர் கையில் இருக்க, ஹெவி லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க, முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க, மாமாவின் லாரியில் கூடுதலாகப் பழகுவது நல்லதுதான். பலகை 18 சென்டிமீட்டர் சதுரம். லோடு ஏற்றிய வண்டியில் பழக இப்படித்தான் வழி கிடைக்கும், ஸ்கூல் வண்டி பெரும்பாலும் காலியாகவே ஓடும்.

30 நாளுக்குக் காசு வாங்கிவிட்டு நாலு நாள் மட்டும் வண்டியைக் கொடுத்து, படிவம் 5-ஐ நீட்டும் இடங்களை விட்டு விலகுங்கள். சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பயிற்சி வண்டியில் ஏர் பிரேக் இருக்கிறதா, ஒரு ரவுண்டில் எத்தனை பேரை ஏற்றுவார்கள், மேடும் இறக்கமும் உள்ள ரோட்டுக்குக் கூட்டிப்போவார்களா. மூன்றாவதற்கு ‘மைதானம் போதும்ங்க’ என்று பதில் வந்தால் வேறு ஸ்கூல் பாருங்கள்.

கார் நன்றாக ஓட்டுவேன். லாரியில் என்ன மாறும்?

முதலில் மாறுவது திருப்பம். இப்போதைய லாரிகளில் டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலேயோ இருக்கிறது. காரில் திருப்பும் இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்தால், முன் சக்கரம் இன்னும் முனைக்கு வந்தே இருக்காது. நீங்கள் முனையைத் தாண்டிப் போய்விட்டதாகத் தோன்றும்போதுதான் ஒடிக்க வேண்டும்.

அடுத்தது பின் சக்கரம். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளம் கூடக் கூட இந்த வெட்டும் கூடும். இடப்பக்கம் திரும்பும்போது அந்த இடுக்கில் பைக்காரர் நுழைந்துவிடுவார். அதனால் திரும்பத் தொடங்கியதிலிருந்து முடியும் வரை இடது கண்ணாடியில் பின் டயரையே பார்த்துக்கொண்டு வாருங்கள். அதே நேரத்தில் பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பாடி எதிர்ப்பக்கம் வீசும். நிறுத்தத்திலிருந்து முழு ஒடிப்பில் எடுத்தால் பின்மூலை பக்கத்தில் நிற்பவரைத் தட்டும்.

மூன்றாவது, காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் உள்ள வேறுபாடு. காலி லாரியில் பிரேக்கைக் காரில் மிதிப்பது போல மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு குதிக்கும். லோடு ஏறினால் அதே மிதிக்கு வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது? டெஸ்ட்டில் கேட்பார்களா?

கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது கம்பிரசர் காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கிறது. பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்துச் சேம்பருக்கும் (காற்று அறைக்கும்) போய்க் கம்பியைத் தள்ளி, டிரம்முக்குள் இருக்கும் லைனிங்கை விரிக்கிறது. ஹேண்ட் பிரேக் இதற்கு நேர் எதிர். அதில் வண்டியைப் பிடித்திருப்பது கனமான ஸ்பிரிங். காற்று போய் அந்த ஸ்பிரிங்கை அழுத்தினால்தான் பிடி விடும். அதனால்தான் காலையில் ஏர் ஏறும் வரை வண்டி நகராது. நகரவும் கூடாது.

ஸ்டார்ட் செய்ததும் பஸ்ஸர் கத்தும், சிவப்பு விளக்கு எரியும். இரண்டும் அடங்கி, மீட்டர் முள் வேலை செய்யும் அழுத்தத்துக்கு வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 7 முதல் 8.5 பார் வரை இருக்கும், உங்கள் வண்டியின் அளவை மீட்டரிலேயே குறித்திருப்பார்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். முதலில் முள் சற்று இறங்கி நின்றுவிட்டால் சரி. தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிகிறது. உஸ்ஸென்ற சத்தத்தைத் தேடிப் பாருங்கள், ஹோஸ் இணைப்பிலோ சேம்பரிலோதான் பெரும்பாலும் இருக்கும்.

டேங்கின் அடியில் ஒரு டிரெயின் வால்வு உண்டு. அதை இழுத்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து பீய்ச்சும். தினமும் இதைச் செய்யாவிட்டால் டேங்கில் காற்றுக்கான இடம் குறையும், வால்வுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

வண்டி எடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரே திசையில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அப்போதுதான் எதுவும் விடுபடாது. இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட். புது வண்டியில் நீல மூடி போட்ட டிஇஎஃப் (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) டேங்க். விளக்குகள், இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர், ஹாரன். டயரில் வெட்டு, வீக்கம். வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு லூஸ் என்று அர்த்தம். நம் பக்கத்துக் குவாரி ரோடுகளில் போய்வரும் வண்டிகளில் ஒன்றைத் தவறாமல் பாருங்கள்: பின்பக்க ஜோடி டயருக்கு நடுவே சிக்கிய கல். வேகத்தில் அது பக்கச்சுவரை அறுக்கும், அல்லது தெறித்துப் பின்னால் வரும் பைக்காரர் மேல் விழும். இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்துவிடுங்கள். கடைசியாக வண்டிக்கு அடியில் குனிந்து ஆயில் சொட்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை.

டெஸ்ட் வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று முந்தைய நாளே ஸ்கூலில் கேளுங்கள். எஃப்சி முடிந்த வண்டியைக் கொண்டுபோனால் உங்கள் நாள்தான் வீணாகும்.

டெஸ்ட்டில் இன்ஸ்பெக்டர் என்ன பார்ப்பார்?

நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர்தான் டெஸ்ட் எடுப்பார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 15-ஆம் விதியில் பட்டியலே இருக்கிறது: கண்ணாடியைச் சரிசெய்வது, ஸ்டார்ட் செய்யும் முன் எச்சரிக்கை, அலுங்காமல் எடுத்து டாப் கியர் வரை போவது, கியரை விரைவாக இறக்குவது, இறக்கத்தில் கீழ் கியருக்கு மாறுவது, மேட்டில் நிறுத்திப் பின்வாங்காமல் எடுப்பது, சரியாக ஓவர்டேக் செய்வது, குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது, முன்னும் பின்னும் எடுத்து வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்புவது, சிக்னலும் சைகையும். இத்தனையையும் ஒரே நாளில் ஒவ்வொருவரிடமும் பார்க்க நேரம் இருக்காது. எதைக் கேட்பார் என்று தெரியாததால் எல்லாவற்றையும் பழகித்தான் போக வேண்டும்.

டெஸ்ட்டில் காலை வாருவது பெரும்பாலும் சின்னப் பழக்கங்கள்தான். ஏறியதும் சீட்டையும் கண்ணாடியையும் தொடாமல் சாவியைத் திருப்புவது. பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை விடுவது. இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் கண்ணாடி பார்ப்பது. முதலில் கண்ணாடி, பிறகுதான் இண்டிகேட்டர். ஓடும்போது கிளட்ச் மேல் கால் வைத்திருப்பது. கியர் மாற்றும்போது குனிந்து லீவரைப் பார்ப்பது. இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் இவர் எவ்வளவு பழகியிருக்கிறார் என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

சாலைக் குறியீடுகளும் கேட்பார். வளைவு, செங்குத்து இறக்கம், உயரக் கட்டுப்பாடு, எடைக் கட்டுப்பாடு ஆகிய பலகைகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். காரில் போகும்போது கவனிக்காத உயரப் பலகை லாரியில் ரொம்ப முக்கியம்.

மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் போகிறது. என்ன செய்வது?

பயப்பட்டு ஹேண்ட் பிரேக்கை முன்கூட்டியே விடுவதுதான் காரணம். ஹேண்ட் பிரேக் போட்டபடி முதல் கியர் போடுங்கள். கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் தாழும், கேபின் லேசாக முன்னால் இழுக்கும். அங்கே காலை நிறுத்தி, ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஸ்பிரிங் பிடி விட ஒரு கணம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள், கார் போல உடனே விடாது. வண்டி நகர்ந்ததும் கிளட்சை முழுக்க விட்டுவிடுங்கள். ஹாஃப் கிளட்சிலேயே மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கிளட்ச் பிளேட்டைக் கருக்கிவிடும். அந்த வாடை வந்தால் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கோணலாகிவிடுகிறது.

வேகம்தான் கோளாறு. ஆக்சிலேட்டர் தொடாமல் கிளட்சிலேயே ஊரவிடுங்கள். ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருப்புங்கள். லாரி தாமதமாகத்தான் பதில் சொல்லும். அது பதில் சொல்வதற்குள் இன்னும் ஒடித்துவிட்டால் கோணல் கூடும். இரண்டு கண்ணாடியிலும் பாடிக்கும் பக்கத்து எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று மாறிமாறிப் பாருங்கள். ஒன்றில் இடைவெளி குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் போகிறது. கோணலாகிவிட்டால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி போங்கள். கிளீனர் ‘வரட்டும் வரட்டும்’ என்று சொன்னாலும் கண்ணாடியில் தெரியாத இடத்துக்கு வண்டியை விடாதீர்கள், இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

தொப்பூர் இறக்கத்தில் எந்த கியரில் போக வேண்டும்?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பாளையம்புதூர் டோல்கேட்டைத் தாண்டிய பிறகு கணவாய் இறங்குகிறது. கட்டமேடு, இரட்டைப் பாலம் பகுதிகளில் மறுபடி மறுபடி விபத்து நடந்திருக்கிறது, பெரும்பாலும் இந்த இறங்கும் திசையில்தான். நாலு வழி ரோட்டில் வேகமாக வந்த வண்டி அப்படியே இறக்கத்துக்குள் நுழைந்துவிடுவது முக்கியக் காரணம்.

இதே லோடோடு இந்த மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில், அல்லது அதற்கு ஒரு கியர் கீழே இறங்குங்கள். அந்த கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கீழ் கியருக்கு மாற்றப் பார்த்தால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) சுவிட்சைப் போட்டு வையுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். அப்படியும் வேகம் ஏறினால் பிரேக்கை ஒரு முறை உறுதியாக மிதித்து, வேகத்தைச் சுமார் 10 கிலோமீட்டர் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். மறுபடி ஏறினால் மறுபடி அப்படியே. லேசாக மிதித்தபடியே வந்தால் லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே வந்து சூடேறும். சூடேறிய லைனிங் வழுக்கும், பிடிக்காது. ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று செய்தியில் வருவதில் பல இதுதான். எதுவும் உடைந்திருக்காது, பிரேக் எரிந்திருக்கும்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார்களே?

இறக்கத்தில் மிச்சமாகாது. இப்போதைய எலக்ட்ரானிக் இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவது நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் கூடச் செலவு.

ஆபத்து இதைவிடப் பெரியது. நியூட்ரலில் இன்ஜின் பிடி போய்விடும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. மொத்த எடையும் லைனிங் மேல் விழும். நீங்கள் மிதிக்க மிதிக்க ஏர் செலவாகும், ஐடிலில் ஓடும் கம்பிரசரால் அந்த அளவுக்கு ஏர் ஏற்ற முடியாது. இன்ஜினையும் அணைத்துவிட்டால் ஏரும் ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ‘சீனியர் டிரைவர் செய்கிறார்’ என்று எந்தக் காரணத்துக்காகவும் இதைப் பழகாதீர்கள். உங்கள் முன்னால் குழந்தைகளோடு ஒரு கார் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியும் பிரேக் பிடிக்காமல் போய்விட்டால்?

இன்ஜினை அணைக்காதீர்கள், இருக்கிற கியரை விட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக், ஹெட்லைட், விடாத ஹாரன், ஹசார்ட் விளக்கு. பெடலை ஒரு முறை முழுதாக அழுத்திப் பிடியுங்கள், பம்ப் செய்தால் ஏர் போய்விடும். ஹேண்ட் பிரேக் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி குறுக்கே திரும்பும். இடது ஓரத்து மண், மேடு, புதர் எது கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள். லோடும் வண்டியும் போனால் போகட்டும்.

டெஸ்ட்டில் தோற்றுவிட்டேன். மறுபடி எப்போது?

ஏழு நாள் கழித்து, டெஸ்ட் கட்டணத்தை மறுபடி கட்டிப் போகலாம். மூன்று முறை தோற்றால் கடைசி டெஸ்ட்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்எல்ஆரின் ஆறு மாதத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எதில் தோற்றீர்கள் என்று ஆய்வாளரிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பெரும்பாலும் சொல்வார்கள்.

லைசென்ஸ் எத்தனை வருடம் செல்லும்? டேங்கர் ஓட்டலாமா?

ஐந்து வருடம். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் மூன்றாக இருந்தது. பெட்ரோல், கேஸ், ஆசிட் போன்ற அபாயப் பொருள் ஏற்றும் வண்டிக்கு இது மட்டும் போதாது. மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் அதற்கான பதிவு வாங்க வேண்டும். அந்த அனுமதி மூன்று வருடம் செல்லும், புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி உண்டு. லைசென்ஸ் வந்த கையோடு டேங்கருக்கோ கிரானைட் ட்ரெய்லருக்கோ போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதல் சில மாதம் ஆறு சக்கர வண்டியில், தெரிந்த ரூட்டில், அனுபவமுள்ள டிரைவரோடு ஓட்டுங்கள். கிருஷ்ணகிரி–ஓசூர் ஏற்றத்தையும் தொப்பூர் இறக்கத்தையும் பகலில், லோடோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சில முறை ஓட்டிப் பார்த்த பிறகு தனியாக எடுங்கள்.